கொரோலா 121: சூடேறியதும் மூன்றாம் கியர் வழுக்குகிறது, பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

விசுவமடுவான்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2003 ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா 121 இருக்கிறது. 1500 சீசீ பெற்றோல் எஞ்சின், நான்கு கியர் கொண்ட ஓட்டோ (தானியங்கி) கியர் பெட்டி. மூன்று வருடங்களுக்கு முன் வாங்கினேன். மாதத்தில் இரண்டு தடவை அம்மாவை வவுனியாவில் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும், மற்ற நாட்களில் வயலுக்கும் கிளிநொச்சிச் சந்தைக்கும் போய்வருவதும்தான் அதன் வேலை.

காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. பரந்தனில் ஏ9 வீதிக்கு ஏறி, மாங்குளத்தைத் தாண்டியதும் குணம் மாறுகிறது. 60 இல் போய்க்கொண்டிருக்கையில் சற்று மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது. எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் 2,000 இலிருந்து 3,500 இற்கு ஏறுகிறது, ஆனால் வாகனம் அதே வேகத்திலேயே போகிறது. முதலாம், இரண்டாம் கியர்களில் இந்தக் குறை இல்லை; மூன்றிலும் நான்கிலும்தான். ஒரே வேகத்தில் நிதானமாக ஓடும்போது, கார்ப்பெட் வீதியிலேயே கிறவல் வீதியில் போவது போன்ற ஒரு நடுக்கமும் வருகிறது. போனமுறை புளியங்குளத்தில் நிறுத்தித் திருப்ப முயன்றபோது, ரிவேர்ஸ் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்தே பெட்டி பிடித்தது. மர நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்ட பின் ஓமந்தை வரை ஒழுங்காக ஓடியது.

ஒரு கராஜில் ஸ்கேனரைக் கொழுவிப் பார்த்தார்கள். இணைப்பு வரவில்லை. ‘கியர் கம்பியூட்டர் போய்விட்டது, பெட்டியோடு சேர்த்து மாற்றவேண்டும்’ என்றார்கள். இன்னோர் இடத்தில் வாகனத்தை ஓட்டிப் பார்க்காமலேயே பெட்டி முடிந்துவிட்டதென்று சொன்னார்கள். ஐந்து மாதங்களுக்கு முன்தான் கியர் ஒயில் மாற்றினேன். கிழமைக்கு ஒரு தடவை றேடியேற்றருக்குக் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் விடுவதைத் தவிர எஞ்சினுக்கு நான் வேறெந்தச் செலவும் செய்ததில்லை. அது அவ்வளவு நல்ல எஞ்சின். காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கிறது. அதைப் பெட்டிக்குப் போடுவதா, அல்லது இப்படியே விலைக்குக் கொடுத்துவிடுவதா என்று தெரியாமல் நிற்கிறேன். விபரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மாங்குளம் சந்தி:

விற்கவேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனங்களுக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்குத் தெரியும். 2025 இல் மீண்டும் திறந்துவிட்டார்கள் என்றாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் நம்மைப் போன்றவர்கள் ஜப்பானிலிருந்து இறக்கிய வாகனத்தை எட்டிப் பார்க்க முடியாது. என்னுடைய யோசனை, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு ஜப்பான் பெட்டி, அதாவது ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டி, எடுத்து மாற்றிவிடுவதுதான். இரண்டு நாள் வேலை. பழைய பெட்டியைப் பிரித்துப் பழுது பார்ப்பது கடலில் கல் தேடுவது போன்றது. ஒரு சாமான் வந்தால் அடுத்த சாமான் வராது, கார் மூன்று மாதம் கராஜில் கிடக்கும்.

கனகராயன்குளத்தார்:

பெட்டியை மாற்றுவதற்கு முன் ஒயிலைப் பார்க்கவேண்டும். ஐந்து மாதங்களுக்கு முன் ஊற்றிய ஒயில் எது? அந்தப் பெட்டிக்கு டொயோட்டா டைப் டி-4 என்ற ஒயில் வேண்டும். வேறு கம்பனி ஒயில் வாங்குவதென்றால் போத்தலில் ஜேடபிள்யூஎஸ் 3309 என்ற எண் இருக்கவேண்டும். பல கடைகளில் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் டெக்ஸ்ரன் ஒயிலையே ‘இதுவும் ஓட்டோ கியர் ஒயில்தான்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் சிவப்புத்தான், ஆனால் கிளச் தட்டுகள் பிடிக்கும் தன்மை வேறு. நீங்கள் சொல்லும் நடுக்கம் அதனாலும் வரலாம்.

அளவையும் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது பிழை. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிய பின், சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரைப் பி (P) யிலிருந்து எல் (L) வரை ஒவ்வொன்றாகப் போட்டுத் திரும்பப் பி க்கு வந்து, அதன் பின்னரே ஒயில் அளவு பார்க்கும் கோலை இழுத்துத் துடைத்துப் பார்க்கவேண்டும். ஒயில் மட்டம் ‘ஹொட்’ என்ற இரண்டு குறிகளுக்கு இடையில் நிற்கவேண்டும்.

ஓமந்தைப் பட்டறை:

தம்பி விசுவமடுவான், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். கட்டாரில் பதினொரு வருடமும், ஊருக்குத் திரும்பிய பின் பதினான்கு வருடமும் ஓட்டோ பெட்டிகளைத் திறந்தவன் நான். இப்போது முதுகு இடங்கொடுப்பதில்லை, ஆனால் யோசிப்பதற்கு முதுகு தேவையில்லை.

உங்கள் காரில் இருப்பது யு340ஈ என்ற பெட்டியாக இருக்கும். எந்தக் கியருக்கு எந்தக் கிளச் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால், பெட்டியைக் கழற்றாமலேயே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களில் முன்னோக்குக் கிளச் பிடித்திருக்கும். மூன்றாம் கியரில் அதனோடு டைரக்ட் கிளச்சும் சேரும். நான்காம் கியரில் முன்னோக்குக் கிளச் விட்டுவிட, டைரக்ட் கிளச் தொடர்ந்து பிடித்திருக்கும். ஆகவே மூன்றும் நான்கும் வழுக்கி, ஒன்றும் இரண்டும் நன்றாக இருந்தால், சந்தேகம் டைரக்ட் கிளச்சின் மேல் விழுகிறது. ஆனால் உங்களுக்கு ரிவேர்சும் தாமதிக்கிறது. ரிவேர்சுக்கு இருப்பது முற்றிலும் வேறொரு கிளச். தொடர்பில்லாத இரண்டு கிளச்சுகள் ஒரே காலத்தில், அதுவும் சூட்டில் மட்டும் தளர்கின்றன என்றால், அவற்றைக் குற்றம் சொல்வதற்கு முன் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்று கேட்கவேண்டும். பொதுவாக இருப்பது ஒயிலும் அதன் அழுத்தமும்தான்.

ஸ்கேனர் இணைப்பு வராததைக் கொண்டு கம்பியூட்டர் போய்விட்டது என்று சொல்லமுடியாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பல, சாதாரண ஸ்கேனர் பேசும் மொழியில் பேசுவதில்லை. அவற்றிடம் வேறு விதமாகக் கேட்கவேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு துளைச் சொக்கற்றில், அகலமான பக்கம் மேலே வரும்படி பார்த்து, மேல் வரிசையில் இடமிருந்து நான்காவது துளையையும் கீழ் வரிசையில் இடமிருந்து ஐந்தாவதையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டுச் சாவியை ‘ஓன்’ நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவேண்டாம். மீற்றரில் ‘ஓ/டி ஓஃப்’ விளக்கு மின்னத் தொடங்கும். இடைவிடாமல் ஒரே சீராக மின்னினால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். ஆறு தடவை மின்னி, சற்று நின்று, இரண்டு தடவை மின்னினால் அது 62, அதாவது முதலாம் சொலனொய்ட் (ஒயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வ்). 63 என்றால் இரண்டாவது, 64 என்றால் லொக்-அப் சொலனொய்ட். துளைகளை இரண்டு தடவை எண்ணிப் பாருங்கள், ஏனென்றால் கீழ் வரிசையின் கடைசித் துளையில் பற்றரி மின்சாரம் நேரடியாக இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

அடுத்ததாக, சூடான நிலையில் பிரேக்கை இறுக மிதித்து, என் (N) இலிருந்து டி (D) க்குப் போட்டு வாகனம் பிடிக்கும் அதிர்வு வரும் வரையான நேரத்தைக் கைபேசியில் அளவிடுங்கள். 1.2 விநாடிக்குள் வரவேண்டும். என் (N) இலிருந்து ஆர் (R) க்கு 1.5 விநாடிக்குள் வரவேண்டும். பிரேக்கை மிதித்தபடி அக்சிலேற்றரை முழுதாக அழுத்தும் ஸ்டோல் சோதனையைச் செய்யச் சொல்லி எவராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து கேட்கவேண்டாம். ஏற்கெனவே வழுக்கும் தட்டுகளை அது ஐந்து விநாடியில் எரித்துவிடும்.

இறுதியாக, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கிழமைக்கு ஒரு தடவை றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவதாக. மூடியிருக்கும் றேடியேற்றர் தண்ணீர் குடிக்காது, தம்பி. நிலத்தில் ஒழுக்கு இல்லை, புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கோலைத் துடைக்கும் துணி வெள்ளையாக இருக்கட்டும். அதில் படும் நிறத்தை எனக்கு எழுதுங்கள்.

விசுவமடுவான்:

ஓமந்தை அண்ணை, சொன்னபடியே செய்தேன். விளக்கு ஒரே சீராக மின்னியது, இடையில் நிற்கவில்லை. டி க்கு ஏறத்தாழ இரண்டு விநாடி, ஆர் க்கு மூன்று விநாடிக்குக் கிட்ட. கனகராயன்குளத்து அண்ணை கேட்ட போத்தலைத் தேடி எடுத்தேன். அது டெக்ஸ்ரன்தான். அப்படியானால் ஒயில் பிழை என்று எடுத்துக்கொள்ளலாமா என நினைத்தேன்.

ஆனால் கோலில் கண்டது வேறு. ஒயில் ‘ஹொட்’ குறிக்கு மேலே ஒரு விரலளவு ஏறி நிற்கிறது. ஐந்து மாதங்களாக நான் ஒரு துளியும் சேர்க்கவில்லை. அம்மாவின் பழைய வெள்ளைச் சேலைத் துண்டில் துடைத்தேன். சிவப்பாக இல்லை. பால் கலந்த ரோஸ் நிறம், கோயில் திருவிழாவில் விற்கும் ஐஸ்பழத்தின் நிறம். துணியில் நடுவில் ஒரு கட்டியான வட்டமும், அதைச் சுற்றி நீர் ஊறிய ஒரு வளையமும் பரவியது. றேடியேற்றர் மூடியைக் குளிர்ந்த பின் திறந்தபோது, உட்பக்கத்தில் தயிராடை போன்ற ரோஸ் நிறப் படலம் ஒட்டியிருந்தது.

முள்ளியவளை ஆசிரியை:

விசுவமடுத் தம்பி, தயவுசெய்து இனி அந்தக் காரை ஓட்டவேண்டாம். இதே நிறத்தை நானும் பார்த்தேன், அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியவில்லை. எங்களுடைய காருக்கு, மாங்குளம் சந்தி சொல்வதைப் போல, கொழும்பிலிருந்து பெட்டி இறக்கி மாற்றினோம். நல்ல பெட்டி. இரண்டு மாதம் பட்டுப் போல ஓடியது. நான்காம் மாதம் ஒட்டுசுட்டான் வீதியில், பாடசாலைக்குப் போகும் வழியில், மூன்றாம் கியர் வழுக்கத் தொடங்கியது. அப்போதுதான் வேறொரு மெக்கானிக் றேடியேற்றரைக் கழற்றிப் பார்த்து, பெட்டியைக் கொன்றது அதுதான் என்று சொன்னார். முதலில் பெட்டியை மாற்றியவர்கள் றேடியேற்றரைத் தொடவே இல்லை. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெட்டி கெட்டது, ஆகவே பெட்டியை மாற்றினார்கள். ஏன் கெட்டது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே நோய்க்கு இரண்டு பெட்டிகளின் விலையைக் கொடுத்தோம். அந்தக் கடன் முடிய ஒரு வருடம் பிடித்தது.

ஓமந்தைப் பட்டறை:

ஆசிரியை அவர்கள் எழுதியதை எல்லோரும் மனதில் வைக்கவேண்டும்.

இந்தக் காரில் கியர் ஒயில் பெட்டிக்குள்ளேயே ஆறுவதில்லை. இரண்டு இரும்புக் குழாய்கள் வழியாக றேடியேற்றரின் தொட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கூலருக்குப் போய், அங்கே தண்ணீரால் ஆறித் திரும்புகிறது. ஒயிலுக்கும் தண்ணீருக்கும் இடையில் இருப்பது மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. அந்தச் சுவரில் ஊசித்துளை விழுந்துவிட்டால், எஞ்சின் ஓடும்போது ஒயில் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் ஒயிலின் அழுத்தம் இல்லாமல் போகிறது, ஆனால் சூடான றேடியேற்றரில் அழுத்தம் நிற்கிறது; மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருப்பது அந்த அழுத்தத்தைத்தான். அப்போது தண்ணீர் பெட்டிக்குள் தள்ளப்படும். ஆகவே கார் ஓடும் நேரத்தை விட, வவுனியாவில் நீங்கள் கிளினிக் முடியும் வரை காத்திருந்த நேரத்தில்தான் பெட்டி கூடுதலாகத் தண்ணீர் குடித்திருக்கும்.

கிளச் தட்டுகளின் மேல் இருப்பது கடதாசி போன்ற ஒரு நார்ப்பொருள். அது இரும்புத் தட்டில் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. தண்ணீரும் அதில் கலக்கும் கூலன்ட் திரவமும் அந்த நாரை ஊறவைத்து, பசையை விடச் செய்கின்றன. ஒயிலும் தன் வழுவழுப்பை இழக்கிறது, சூட்டில் நுரைக்கிறது, நுரைத்த ஒயிலால் பம்ப் அழுத்தம் கொடுக்க முடியாது. உங்களுக்கு இரண்டு கிளச்சுகளும் சூட்டில் மட்டும் தளர்ந்ததன் காரணம் இதுதான். டெக்ஸ்ரன் ஊற்றியது பிழை, ஆனால் அது கொலைகாரன் அல்ல.

நிச்சயப்படுத்த இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று: வீட்டுக்கு வெளியே, ஒரு பழைய இரும்புக் கரண்டியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, நெருப்பிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்து, கோலில் இருக்கும் ஒயிலில் ஒரு துளியை அதில் விடுங்கள். நல்ல ஒயில் சத்தமில்லாமல் பரந்து புகையும். தண்ணீர் கலந்தது, கடுகு தாளிப்பது போல வெடிக்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். இரண்டு: குளிர்ந்த எஞ்சினில், கூலருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, ஒரு வாயை இறுக அடைத்து, மற்ற வாயில் சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். றேடியேற்றரைக் கழுத்து வரை தண்ணீரால் நிரப்பி மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

விசுவமடுவான்:

கரண்டியில் விட்ட துளி வெடித்தது. வெடித்த சத்தத்துக்கு அம்மா குசினியிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அன்று பின்னேரம் மகன் ரோர்ச் பிடிக்க, நான் பம்ப் அடித்தேன். முதல் பத்து அடிக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு றேடியேற்றரின் கழுத்தில் ஒரு சிறு குமிழி, குண்டூசித் தலையளவு, மெதுவாக மேலே வந்து உடைந்தது. அதன் பின் இன்னொன்று. அடிப்பதை நிறுத்தியதும் குமிழிகளும் நின்றன. மறுபடி அடித்ததும் அதே இடத்திலிருந்து வந்தன. ‘அப்பா, மீன் மூச்சு விடுவது போல இருக்கிறது’ என்றான் மகன். நெஞ்சு பாரமாக இருந்தாலும், இத்தனை நாட்களின் பின் ஒரு விடை கிடைத்த நிம்மதியும் இருந்தது. இனி என்ன செய்யவேண்டும்? ஒயிலைக் கழுவி மாற்றினால் பெட்டி தப்புமா?

கனகராயன்குளத்தார்:

நான் ஒயிலின் பெயரைப் பார்த்து முடிவுக்கு வந்தேன், நிறத்தைக் கேட்கவில்லை. ஓமந்தை அண்ணைக்கு நன்றி. ஒரு கேள்வி: கூலரில் ஏன் துளை விழுகிறது?

ஓமந்தைப் பட்டறை:

கிணற்றுத் தண்ணீர். நம் வீடுகளில் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பை எல்லோரும் பார்க்கிறோம். அதே தண்ணீர்தான் றேடியேற்றருக்குள்ளும் சூடேறுகிறது. கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து, மேலும் மேலும் தண்ணீர் ஊற்றும்போது நாளுக்கு நாள் ஐதாகிப் போகிறது. பிறகு அலுமினியமும் பித்தளையும் கறையான் அரித்ததைப் போல அரிபடும்.

இதில் நம்மவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது, ஒரு சொட்டுப் பெற்றோலால் எஞ்சினைத் தட்டி எழுப்பி, மண்ணெண்ணெயில் வன்னி முழுவதும் வாகனம் ஓட்டியவர்கள் நாங்கள். இல்லாததற்கு இருப்பதை ஊற்றி ஓட்டத் தெரிந்தபடியால்தான் நோயாளிகள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கைப்பழக்கம் மோட்டார் சைக்கிளுக்கும் பழைய டீசல் எஞ்சினுக்கும் பெரும்பாலும் சரிவந்தது. ஓட்டோ பெட்டிக்குச் சரிவராது. அதற்குள் ஒயில்தான் கை, ஒயில்தான் இரத்தம். அதற்குப் பதிலாக வேறெதையும் அது ஏற்காது. கூலன்ட் கலப்பதற்குப் பற்றரித் தண்ணீர் (வடித்த நீர், அமிலம் அல்ல) வாங்குங்கள்.

விசுவமடுவான் கேட்டதற்கு: வழுக்கல் தொடங்குவதற்கு முன்பே நிறத்தைக் கண்டிருந்தால், றேடியேற்றரை மாற்றி, ஒயிலைப் பல தடவை இறக்கி ஏற்றி, தப்பவைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். ஒரு தடவை இறக்கினால் மூன்று லீற்றர் அளவுதான் வரும். மீதி, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டருக்குள்ளும் ஒயில் வழிகளிலும் தங்கிவிடும். உங்களுக்கு நாரின் பசை விட்டுவிட்டது. இனிக் கழுவுவது காசை நிலத்தில் ஊற்றுவது. பெட்டியைத் திறக்கவேண்டும், அல்லது மாற்றவேண்டும்.

மாங்குளம் சந்தி:

ஆசிரியை அவர்களின் அனுபவத்தை வாசித்த பின் என் கருத்தை ஒரு பங்கு மாற்றிக்கொள்கிறேன். றேடியேற்றரை மாற்றாமல் பெட்டியை மாற்றக்கூடாது. ஆனாலும் புது றேடியேற்றரோடு ஜப்பான் பெட்டி போடுவது, பிரித்துப் பூட்டுவதை விட விரைவானது என்ற என் எண்ணம் அப்படியே இருக்கிறது. அறுவடை நேரத்தில் வாகனம் இல்லாமல் இருப்பதும் ஒரு நட்டம்தான்.

ஓமந்தைப் பட்டறை:

நியாயமான பேச்சு. நான் ஓவர்ஹோல் (பிரித்துப் பழுது பார்த்தல்) செய்து பிழைத்தவன் என்பதற்காக எல்லோரும் அதையே செய்யவேண்டும் என்று சொல்லமாட்டேன். பழைய பெட்டி வாங்குவதென்றால் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். எஞ்சின் இலக்கத்துக்கும் பெட்டியின் மாதிரிக்கும் பொருத்தம் பாருங்கள். கோல் வைக்கும் குழாய்க்குள் ஒரு துணித்துண்டைக் கம்பியில் கட்டி விட்டு ஒயிலின் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். கருகிய மணம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால் அடியில் இருக்கும் ஒயில் தொட்டியான ‘பான்’ஐக் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பு. அதில் ஊசி ஊசியான இரும்புச் சிராயோ, பானின் அடியில் பொன்னிறத் தூளோ இருந்தால் வேண்டாம். அப்படிப் பார்த்தாலும் அது எத்தனை மழை வெள்ளத்தைக் கண்டது என்று சொல்லமுடியாது. தன் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணால் காணலாம். நான் அதைத்தான் தெரிவுசெய்வேன்.

நெடுங்கேணி மழை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் வாகன்ஆர் இருக்கிறது. அதற்கும் இந்தச் சோதனைகள் பொருந்துமா?

ஓமந்தைப் பட்டறை:

ஜப்பான் வாகன்ஆர் பலவற்றில் இருப்பது சீவீரி, அதாவது கியர்ப் படிகள் இல்லாத ஓட்டோ பெட்டி. உள்ளே உலோகப் பட்டியும் இரண்டு கப்பிகளும்தான் முக்கிய வேலை செய்கின்றன, ஒயிலும் வேறு. நிறத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் பொருந்தும். கியர்க் கணக்கு பொருந்தாது. தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

விசுவமடுவான்:

பெட்டியைத் திறப்பதென்று முடிவெடுத்தேன். ஓமந்தை அண்ணையிடம் தொழில் பழகிய ஒருவர் வவுனியாவில் பட்டறை வைத்திருக்கிறார். மச்சான் தன் லான்ட்மாஸ்ரரில் (இரு சில்லு உழவு இயந்திரம்) கயிறு கட்டி இழுக்கலாம் என்றார். முன் சில்லுகள் நிலத்தில் உருள இழுக்கக்கூடாது, எஞ்சின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, பல்லுகள் காய்ந்து சுற்றும் என்று அண்ணை தொலைபேசியில் தடுத்துவிட்டார். ஆகவே லொறியில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

பெட்டி திறக்கும் நாளில் பக்கத்திலேயே நின்றேன். பானைக் கழற்றியதும் அடியில் ரோஸ் நிறச் சேறு. காந்தத்தில் களிம்போடு, பழுப்பு நிறத்தில் நனைந்த கடதாசித் துண்டுகள். டைரக்ட் கிளச்சை எடுத்து முதல் தட்டை அந்தத் தம்பி என் கையில் வைத்தார். பெருவிரலால் மெல்லத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். தோசையின் ஓரம் கல்லை விட்டு எழும்புவது போல, நார் முழுதாக எழும்பி என் விரலோடு வந்தது. கீழே வெறும் இரும்பு தெரிந்தது. ரிவேர்ஸ் கிளச்சில் பாதி எழும்பியிருந்தது. முன்னோக்குக் கிளச் தட்டுகள் வெளிப்பார்வைக்கு நலமாக இருந்தாலும், அவையும் ஊறியவைதான் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார்.

தட்டுகள், சீல்கள், கஸ்கற் அனைத்தும் கொழும்பிலிருந்து வர ஒன்பது நாள் எடுத்தது. டோர்க் கன்வேர்ட்டருக்குள்ளும் ஒரு லொக்-அப் கிளச் இருப்பதாகவும், வெட்டித் திறக்காமல் அதைச் சுத்தப்படுத்த முடியாதென்றும் சொன்னார். அதற்கு மட்டும் வேறொன்று வாங்கினோம். ஒயிலைக் கிளச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வ் பொடியைப் பிரித்து, ஒவ்வொரு வால்வையும் விரலில் ஏந்தி, தன் பாரத்திலேயே வழுக்கி விழுகிறதா என்று பார்த்துப் பூட்டினார். புதுத் தட்டுகளை ஓர் இரவு முழுவதும் டி-4 ஒயிலில் ஊறவிட்டார்.

நான் மறக்காத ஒரு காட்சி, கன்வேர்ட்டரைப் பெட்டியில் பொருத்தியதுதான். இரண்டு கையாலும் பிடித்து, மெல்லச் சுழற்றித் தள்ளத் தள்ள, அது ஒவ்வொரு படியாகக் ‘கடக்’ என்று உள்ளே இறங்கியது. கடைசிப் படி இறங்கவில்லை என்பதை, பெட்டியின் வாயில் ஒரு இரும்பு அடிமட்டத்தை வைத்து அளந்து கண்டுபிடித்தார். மறுபடி வெளியே எடுத்து, பத்து நிமிடம் பொறுமையாகச் சுழற்றினார். இறங்காத நிலையில் போல்ற்றை இறுக்கினால் பம்ப் வெடித்துவிடும், இத்தனை நாள் வேலையும் ஒரு நிமிடத்தில் போய்விடும் என்றார்.

றேடியேற்றர் புதியது. ஓமந்தை அண்ணை சொன்னபடி, கியர் ஒயிலை இனி றேடியேற்றருக்குள் விடாமல், முன்புறம் காற்றுப் படும் இடத்தில் தனியாக ஒரு கூலரைப் பூட்டினோம். குளிர் நாடுகளில் ஒயிலை விரைவாகச் சூடாக்கவும் றேடியேற்றர் உதவுமாம். வன்னியில் அந்தத் தேவை இல்லை. இரும்புக் குழாய்களையும் கழுவிக் காற்றடித்துத்தான் இணைத்தார்.

மாங்குளம் சந்தி:

சாமான்கள் ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது எனக்கு ஆச்சரியம். மொத்தச் செலவு பெட்டி வாங்குவதை விடக் கூடியதா?

விசுவமடுவான்:

கன்வேர்ட்டரையும் கூலரையும் சேர்த்தால் ஏறத்தாழச் சமம், அண்ணை. நாட்கள் நீங்கள் சொன்னதை விடக் கூடத்தான் போயின. அந்த நாட்களில் அம்மாவை பஸ்ஸில்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அது அவருக்குக் கடினமாக இருந்தது.

முள்ளியவளை ஆசிரியை:

தம்பி, ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய றேடியேற்றரை எறிந்துவிட்டீர்களா?

விசுவமடுவான்:

இல்லை அக்கா. ஓட்டி நான்கு மாதமாகிறது, இதுவரை எட்டுத் தடவை வவுனியா போய்வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் திரும்பியதும் வெள்ளைத் துணியில் கோலைத் துடைக்கிறேன். சிவப்பு மாறவில்லை. றேடியேற்றருக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவைப்படவில்லை.

பழையதை மகனோடு சேர்ந்து வாளால் அறுத்துப் பார்த்தோம். உள்ளே இருந்த கூலர் குழாயில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஊசித்துளையைக் கண்ணால் காணமுடியவில்லை. வாயை வைத்து ஊதித் தண்ணீருக்குள் பிடித்தபோது அதே சிறு குமிழி வந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள்?

முள்ளியவளை ஆசிரியை:

பத்தாம் வகுப்புக்கு உலோகங்கள் அரிபடுவதைப் படிப்பிக்கிறேன். ஆணியைப் போத்தலுக்குள் போட்டுக் காட்டுவதுதான் வழக்கம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் உழவு இயந்திரமோ லான்ட்மாஸ்ரரோ இருக்கிறது. விடுமுறையில் அவர்கள்தான் அவற்றுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அந்தக் குழாயையும் ஒரு தட்டையும் அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

விசுவமடுவான்:

வெள்ளிக்கிழமை முல்லைத்தீவுக்கு வருகிறேன். குழாயைச் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன், நார் எழும்பிய தட்டு இரண்டும் இருக்கிறது. எல்லாவற்றையும் பாடசாலை வாசலில் தருகிறேன்.